தமிழ் எழுத்து திரையில் உடையும்போது: கிராபிக்ஸ் இயக்கி வழுக்களும் மாற்றுவழிகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது?

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள சிறிய அச்சகங்கள் சில பயன்படுத்தும் தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை நாங்கள் எழுதிப் பராமரித்து வருகிறோம். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி நினைவு மலர் போன்ற வேலைகள் அதில் நடக்கின்றன. திரையில் பக்கத்தை வரைவதற்கு அது கிராபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்துகிறது; கொழும்புக் கடைகளில் இதை விஜிஏ கார்ட் என்பார்கள். தாய்ப்பலகையிலேயே சேர்ந்து வரும் கிராபிக்ஸ் பகுதியும் இதில் அடங்கும். அந்த அட்டையை இயக்கும் மென்பொருளான இயக்கியில் வழு இருந்தால், திரையில் பக்கம் கெட்டுத் தெரியும். அவ்வாறு தெரியும்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. முதற்பகுதி அச்சகத்தில் இருப்பவர்களுக்கு உரியது. பிற்பகுதி, இதே சிக்கலை எதிர்கொள்ளும் சக நிரலாளர்களுக்கு உரியது.

திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. இது எழுத்துருவின் குறையா, கிராபிக்ஸ் இயக்கியின் குறையா?

எப்படி உடைந்திருக்கிறது என்பதை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

ஒரு தமிழ் எழுத்து திரைக்கு வருவதற்கு முன் இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. யுனிகோடு முறையில் "கெ" என்ற எழுத்து, முதலில் ககரமாகவும் அதன் பின் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. ஆனால் கண்ணுக்குக் கொம்புதான் முன்னால் தெரிய வேண்டும். "கொ" என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இந்த இடமாற்றங்களையெல்லாம் ஹார்ஃப்பஸ், டைரக்ட்ரைட் போன்ற நிரல்கள் கணினியின் மையச் செயலியில் செய்து முடிக்கின்றன. இதில் கிராபிக்ஸ் அட்டைக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டாவது கட்டத்தில், ஒவ்வோர் எழுத்து வடிவமும் ஒரு சிறு படமாக மாற்றப்பட்டு, அட்டையின் நினைவகத்திலுள்ள ஒரு பெரிய தாளில் அடுக்கி வைக்கப்படுகிறது. பக்கத்தை வரையும்போது அந்தத் தாளிலிருந்து வேண்டிய வடிவங்களை வெட்டியெடுத்து, உரிய இடங்களில் ஒட்டுவதே அட்டையின் வேலை.

ஆகவே கொம்பு தவறான பக்கத்தில் நின்றாலோ, புள்ளி எழுத்தை விட்டு விலகினாலோ, புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றினாலோ, அது முதற்கட்டத்தின் குறை. இயக்கியை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. எழுத்துருவையோ உள்ளிட்ட உரையையோ சரிபார்க்க வேண்டும். மாறாக, சில எழுத்துகள் மட்டும் காணாமற்போய்ப் பக்கத்தை உருட்டியதும் திரும்பி வந்தாலோ, "ம" இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்தின் பாதி தெரிந்தாலோ, எழுத்துக்குப் பதிலாக வண்ணத் துகள்கள் நிரம்பிய கட்டங்கள் தெரிந்தாலோ, அது இரண்டாவது கட்டத்தின் குறை. அங்கே இயக்கியைச் சந்தேகிக்க இடமுண்டு.

இலங்கை அச்சகங்களில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நம்மில் பலரிடம் பாமினி எழுத்துரு இன்னமும் இருக்கிறது. பாமினியில் கொம்பை முன்னால் தட்டினால் முன்னாலேயே சேமிக்கப்படும்; அதற்கு இடமாற்றம் எதுவும் தேவையில்லை. எனவே ஒரே வரியைப் பாமினியில் ஒருமுறையும் யுனிகோடு எழுத்துருவில் ஒருமுறையும் தட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். யுனிகோடு வரி மட்டும் கெட்டிருந்தால் முதற்கட்டத்தைப் பாருங்கள். இரண்டு வரிகளும் ஒரே விதமாகக் கெட்டிருந்தால் கிராபிக்ஸ் பக்கம் திரும்புங்கள். பாமினி வரி முழுவதும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அந்தக் கணினியில் பாமினி நிறுவப்படவில்லை. அது வேறு விடயம்.

அட்டையே பழுதாகியிருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். முதலில் ஒரு திரைப்பிடிப்பு எடுங்கள். அதே வேளையில் கைபேசியாலும் திரையைப் படமெடுங்கள். கைபேசிப் படத்தில் கோடுகள் தெரிந்து, திரைப்பிடிப்பைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்க்கும்போது அவை இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதற்குச் செல்லும் வயரிலோ இருக்கிறது. அடுத்து, கணினியைத் தொடக்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் தோன்றும் பயோஸ் திரையைக் கவனியுங்கள். அங்கேயே கோடுகளும் துகள்களும் தெரிந்தால், விண்டோஸின் இயக்கி அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அது அப்போது இன்னும் ஏற்றப்படவே இல்லை.

கடலை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் உப்புக்காற்று உலோகத்தை அரிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அட்டையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைத் துடைத்து, விசிறியில் அடைத்த தூசியை நீக்கி, மீண்டும் பொருத்திப் பார்ப்பது மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. சிறிது நேரம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகு மட்டும் கெடும் கணினிகளில் இதை முதலாவதாகச் செய்யுங்கள்.

நாளை காலை நினைவு மலர் கொடுத்தாக வேண்டும். இப்போது உடனடியாக என்ன செய்வது?

அந்தியேட்டி நாளைத் தள்ளிப்போட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் காரணத்தைப் பிறகு தேடலாம். முதலில் வேலையை நடத்துங்கள். செய்யவேண்டிய வரிசை இது.

கோப்பைச் சேமியுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 இல் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் அழுத்தியபடி ஆங்கில "B" விசையைத் தட்டுங்கள். திரை ஒருமுறை இருண்டு திரும்பும். கிராபிக்ஸ் இயக்கி மறுபடி தொடங்கியிருக்கும். கணினியை அணைத்துப் போடத் தேவையில்லை. அதன் பின்னரும் கெட்டிருந்தால், எங்கள் மென்பொருளின் அமைப்புகளில் "வரையும் முறை" என்பதை "மென்பொருள்" என்று மாற்றி, மூடித் திறவுங்கள். இனி அட்டைக்குப் பதிலாக மையச் செயலியே பக்கத்தை வரையும். பெரிய படங்களுள்ள பக்கங்கள் மெதுவாக நகரும். ஆனால் எழுத்து சரியாக இருக்கும்.

பிற மென்பொருள்களிலும் இதே வசதி உண்டு. லிப்ரே ஒபிஸின் 7.0 பதிப்பிலிருந்து ஸ்கியா என்ற வரைநூலகம் பயன்படுத்தப்படுகிறது. கருவிகள் பட்டியிலுள்ள தெரிவுகளில், "பார்வை" என்ற பகுதியில், ஸ்கியாவை மென்பொருள் முறையில் மட்டும் இயங்கச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கிறது. குரோமில் அமைப்புகளின் "சிஸ்டம்" பகுதியிலும், பயர்பொக்ஸில் பொது அமைப்புகளின் செயல்திறன் பகுதியிலும் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தலாம். போட்டோஷொப்பில் செயல்திறன் விருப்பங்களில் கிராபிக்ஸ் செயலியைப் பயன்படுத்தும் குறியை எடுத்துவிடலாம். எந்த மென்பொருளிலும் மாற்றத்துக்குப் பின் அதை மூடித் திறப்பது நல்லது.

மென்பொருள் முறையில் வரைந்தால் அச்சுத் தரம் குறையுமா?

குறையாது. அச்சுக்குச் செல்லும் பிடிஎஃப் கோப்பை எங்கள் மென்பொருள் தனி வழியில் உருவாக்குகிறது. திரையில் வரைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திரையில் எழுத்து உடைந்து தெரியும் வேளையிலும் பிடிஎஃப் சரியாகவே இருக்கும். ஆனாலும் தட்டு எடுப்பதற்கு முன் அதை வேறொரு கணினியில் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அப்படியானால் மென்பொருள் முறையையே நிரந்தரமாக வைத்திருக்கலாமே?

சில கணினிகளில் வைத்திருக்கலாம். எல்லோருக்கும் நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 2,073,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் என்றால் ஒருமுறை வரைய ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டுகளை எழுத வேண்டும். பக்கத்தை உருட்டும்போது விநாடிக்கு 60 முறை வரைந்தால், அது விநாடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட்டுகளாகிறது. இது ஒரேயொரு அடுக்குக்கான கணக்கு. பின்னணிப் படம், அதன்மேல் நிழல், அதன்மேல் ஒளிபுகும் சட்டம், அதன்மேல் எழுத்து என்று அடுக்கும் கலியாண அழைப்பிதழில் ஒரே புள்ளி நான்கைந்து முறை வரையப்படுகிறது. கிராபிக்ஸ் அட்டை இத்தகைய வேலைக்கென்றே அமைக்கப்பட்டது. மையச் செயலி இதைச் செய்யும்போது விசிறி சுழலும், மடிக்கணினியின் மின்கலம் விரைவில் தீரும், உருட்டும்போது பக்கம் திக்கித் திக்கி நகரும்.

பழைய இரண்டு கருக்கள் கொண்ட செயலியுள்ள கணினியில் இந்தச் சுமை மிக அதிகம். இயக்கி வழுக்களால் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் அத்தகைய பழைய கணினிகளை வைத்திருப்பவர்களே. அதனால்தான் முழு முடுக்கத்தையும் நிறுத்துவதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறோம். எந்த ஒரு செயற்பாடு கெடுகிறதோ அதை மட்டும் தவிர்க்கவே முயல்கிறோம்.

இயக்கியைப் புதுப்பித்தால் போதாதா?

பல வேளைகளில் போதும். முதலில் அதையே செய்யுங்கள். ஆனால் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

மடிக்கணினியாக இருந்தால், முதலில் மடிக்கணினி உற்பத்தியாளரின் தளத்தில் தேடுங்கள். சில மாதிரிகளுக்கு அவர்கள் மாற்றியமைத்த இயக்கியே பொருந்தும். இரண்டாவதாக, புதுப்பித்த பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் முந்தைய இயக்கிக்குத் திரும்பும் பொத்தானை அழுத்துங்கள். புதியதே நல்லது என்ற நம்பிக்கை இங்கே எப்போதும் பலிப்பதில்லை.

மூன்றாவது விடயமே எங்களை மிகவும் வருத்துவது. பழைய அட்டைகளுக்குப் புதிய இயக்கி வருவதே நின்றுவிடுகிறது. என்விடியா தன் கெப்ளர் தலைமுறை அட்டைகளை, 470 வரிசைக்குப் பிந்தைய இயக்கிகளில் சேர்க்கவில்லை. இன்டெல் 2022 இல், தன் 6 முதல் 10 வரையான தலைமுறைச் செயலிகளின் கிராபிக்ஸ் பகுதியைப் பழைய சாதனங்களுக்கான ஆதரவு வரிசைக்கு மாற்றியது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. நமது அச்சகங்களிலோ இவற்றிலும் பழைய கணினிகள் அன்றாடம் உழைக்கின்றன. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து இங்கே இறக்குமதியாகும் கணினியை வாங்கித் தொழில் நடத்துபவரிடம் "புதிய கணினி வாங்குங்கள்" என்று சொல்வதை நாங்கள் ஒரு விடையாகக் கருதவில்லை. இயக்கியில் வழு திருத்தப்படப் போவதில்லை என்றால், அதைச் சுற்றிச் செல்லும் வழியை மென்பொருள் எழுதுபவர்களே அமைக்க வேண்டும்.

ஒரே மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் செயலிகள் உள்ளன. எதில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் மென்பொருளின் "உதவி" பட்டியில், கணினி விவரம் என்ற பக்கத்தில் பெயர் இருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் திரைப் பகுதிக்குள் உள்ள கிராபிக்ஸ் பக்கத்தில், ஒவ்வொரு மென்பொருளுக்கும் மின்சிக்கனச் செயலியா, உயர்திறன் செயலியா என்று தனித்தனியே தெரிவு செய்யலாம். ஒன்றில் கெட்டது மற்றதில் சரியாக வந்தால், அதுவே போதுமான மாற்றுவழி.

"டிஸ்ப்ளே இயக்கி பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது" என்ற செய்தி வருகிறது. இது என்ன?

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்தக் காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் அட்டைக்குக் கொடுத்த வேலை, இயல்பாக வைக்கப்பட்டுள்ள 2 விநாடி எல்லையைத் தாண்டியும் முடியாமல், இடையில் நிறுத்தவும் முடியாமல் இருந்தால், அட்டை உறைந்துவிட்டதாக விண்டோஸ் கருதி இயக்கியை மறுபடி தொடக்குகிறது. அப்போது அட்டையின் நினைவகத்தில் இருந்த எழுத்துத் தாள் உட்பட அனைத்தும் அழிந்துபோகும்.

இணையத்தில் பலர் விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) இந்த நேர எல்லையை நீட்டும்படி அறிவுரை சொல்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. எங்கள் மென்பொருளில் பத்தடிப் பதாகை ஒன்றுக்கு மங்கல் நிழல் இட்டபோது இந்தச் செய்தி வந்தது. ஆராய்ந்தபோது, முழுப் பதாகையின் நிழலையும் ஒரே கட்டளையில் வரையச் சொல்லியிருந்தது எங்கள் நிரல்தான் என்று தெரிந்தது. இப்போது அதை 256க்கு 256 அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அனுப்புகிறோம். அந்தக் கணினியில் அதன் பிறகு செய்தி வரவில்லை. எல்லையை நீட்டியிருந்தால், வாடிக்கையாளர் முன்னிலையில் திரை இரண்டு விநாடிக்குப் பதிலாகப் பத்து விநாடி உறைந்திருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

(நிரலாளர்களுக்கு) இயக்கியில் ஏன் இத்தனை வழுக்கள்?

இன்றைய கிராபிக்ஸ் இயக்கிக்குள் ஒரு முழுமையான நிரல்மாற்றி இருக்கிறது. நாம் எழுதும் ஷேடரை, அதாவது அட்டையில் ஓடும் சிறு நிரலை, அது நமது பயனரின் கணினியில், நமது கண்ணுக்குத் தெரியாமல், அந்த அட்டையின் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. வேகத்துக்காகக் கட்டளைகளை இடம்மாற்றியும் நீக்கியும் திருத்துகிறது. அந்தத் திருத்தம் ஓரிடத்தில் பிழைத்தால் படம் கெடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கிய கிராபிக்ஸ்ஃபஸ் என்ற கருவி இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு ஷேடரில் பொருளை மாற்றாத மாற்றங்களை அது செய்கிறது: என்றுமே நடக்காத நிபந்தனை ஒன்றைச் சேர்ப்பது, ஒன்றால் பெருக்குவது போன்றவை. படம் மாறக்கூடாது. மாறினால் நிரல்மாற்றியில் வழு இருக்கிறது என்று பொருள். இக்கருவியை 2018 இல் கூகிள் வாங்கியது. நம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கும் இதில் பாடம் உண்டு: ஷேடரைச் சற்று வேறு விதமாக எழுதினாலே பல வழுக்கள் விலகிவிடும். அத்தகைய மாற்றுவழிக்கு, எந்தெந்தக் கணினிகளில் இயக்குவது என்ற பட்டியல் எதுவும் தேவையில்லை. எல்லாக் கணினிகளிலும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

(நிரலாளர்களுக்கு) வழு இயக்கியில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

எங்கள் அனுபவத்தில், இயக்கியின் வழு என்று தொடங்கிய தேடல்களில் பல, எங்கள் சொந்த நிரலில் வந்து முடிந்தன. மூன்றை விரிவாகச் சொல்கிறோம்; தமிழ் எழுத்தை வரையும் எவருக்கும் இவை நேரக்கூடும்.

முதலாவது, சாய்ந்த எழுத்து. சில எழுத்துகள் மட்டும் சாய்வாக இழுபட்டுத் தெரிந்தன. அதே எழுத்துருவில் மற்றவை நேராக நின்றன. அட்டைக்குக் கட்டளை கொடுக்க நாம் பயன்படுத்தும் இடைமுகமான ஓபன்ஜிஎல், படம் ஒன்றைப் பெறும்போது ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில் தொடங்குவதாக இயல்பாக எடுத்துக்கொள்ளும். புள்ளிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் 13 புள்ளி அகலமுள்ள எழுத்துக்கு, நாம் 13 பைட் கொடுக்கிறோம்; அது 16 எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் 3 பைட் நகர்ந்து எழுத்து சாய்கிறது. 12, 16 அகலமுள்ள எழுத்துகள் தப்பிவிடுகின்றன. வரிசை ஒழுங்கை 1 என்று சொல்லும் ஒரே கட்டளையில் இது தீர்ந்தது.

இரண்டாவது, கைபேசியில் மங்கிய எழுத்து. முன்னோட்டத்தைக் கைபேசியில் காட்டியபோது, எழுத்துத் தாளின் வலப்பாதியில் இருந்த எழுத்துகள் மட்டும் பல்லுப்பல்லாகத் தெரிந்தன. மேசைக் கணினியில் அப்படி இல்லை. இரண்டு வாரங்கள் கைபேசியின் இயக்கியைக் குறை சொன்னோம். உண்மையில் எங்கள் ஷேடரில் இடத்தைக் குறிக்கும் எண்களை நடுத்தரத் துல்லியம் என்று அறிவித்திருந்தோம். மேசைக் கணினி அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் 32 பிட்டில் கணக்கிட்டது. கைபேசி அதை உள்ளபடி எடுத்துக்கொண்டு 16 பிட்டில் கணக்கிட்டது. 16 பிட் மிதவை எண்ணில் 2048 வரையான முழு எண்களையே ஒன்றுவிடாமல் குறிக்க முடியும். 2048க்கும் 4096க்கும் இடையில் இரண்டிரண்டாகத் தாண்ட வேண்டும். 4096 அகலமுள்ள தாளின் வலப்பாதி அங்கேதான் இருந்தது. கைபேசி விதிப்படி நடந்துகொண்டது, பிழை எங்களுடையது.

மூன்றாவது, தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறி. ஒரு நிரல்மாற்றி அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, முன்பு அங்கே கிடந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும். இரண்டும் விதிக்கு முரணல்ல. "அந்த அட்டையில் ஓடுகிறது, இந்த அட்டையில் ஓடவில்லை" என்பது இரண்டாவது அட்டையின் குற்றத்துக்குச் சான்றாகாது. முதலாவது நமது பிழையை மன்னித்திருக்கலாம்.

இவற்றைத் தாண்டிய பிறகு, அதே காட்சியை ஒரு மென்பொருள் வரைவியில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 7 இலிருந்து மைக்ரோசொஃப்ட்டின் வார்ப் இருக்கிறது. லினக்ஸில், திறந்த மூல கிராபிக்ஸ் இயக்கித் தொகுப்பான மெசாவின் எல்எல்விஎம்பைப் இருக்கிறது. ஓபன்ஜிஎல்லைப் போன்ற இன்னோர் இடைமுகமான வல்கனுக்கு ஸ்விஃப்ட்ஷேடர் இருக்கிறது. மூன்று வேறு அட்டைகளிலும் மென்பொருள் வரைவியிலும் ஒரே படமும், ஓர் இயக்கியில் மட்டும் வேறு படமும் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வரைதற் கட்டளைகளைப் பதிந்து காட்டும் ரெண்டர்டொக் என்ற கருவியில் அந்தச் சட்டகத்தைப் பிடித்து, எந்தக் கட்டளைக்குப் பின் படம் கெடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வல்கனாக இருந்தால், நமது கட்டளைகளில் பிழை தேடும் சரிபார்ப்பு அடுக்குகள் ஒரு பிழையும் சொல்லாத வரை இயக்கியின் மீது கைநீட்டாதீர்கள்.

இன்னொரு சிறு சோதனை: உங்கள் நிரற்கோப்பின் பெயரை மாற்றி ஓட்டுங்கள். இயக்கிகளும் சில மென்பொருள்களின் பெயரைப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. மெசாவில் இந்தப் பட்டியல் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு கோப்பாகவே இருக்கிறது. தொடக்க மதிப்பில்லாத மாறிகளைச் சுழியமாக்கும் தெரிவு அதில் சில மென்பொருள்களுக்கென்று இடப்பட்டுள்ளது.

(நிரலாளர்களுக்கு) மாற்றுவழியை எந்தக் கணினிகளில் மட்டும் இயக்குவது?

வழு எவ்வளவு குறுகியதோ, மாற்றுவழியும் அவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும். இதை நாங்கள் தவறு செய்தே கற்றோம். எங்கள் முதற்பட்டியலில் உற்பத்தியாளரின் அடையாள எண்ணை மட்டும் பார்த்தோம். ஓர் அட்டையின் ஓர் இயக்கிப் பதிப்பில் இருந்த வழுவுக்காக, அந்த உற்பத்தியாளரின் எல்லா அட்டைகளிலும் எழுத்துத் தாளை நிறுத்திவிட்டோம். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சக உரிமையாளர், மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று கடன்பட்டுப் புதிய கணினி வாங்கினார். அதிலும் அதே உற்பத்தியாளரின் அட்டை. அதிலும் அதே மந்தம். அவருக்கு நாங்கள் சொல்லக்கூடிய நியாயம் எதுவும் இருக்கவில்லை.

குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தின் பட்டியல் நல்ல முன்மாதிரி. அதன் ஒவ்வொரு பதிவிலும் இயங்குதளம், உற்பத்தியாளர் எண், சாதன எண், இயக்கிப் பதிப்பின் எல்லை, வழு அறிக்கையின் எண், விளக்கம் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. எதை நிறுத்த வேண்டும் என்பது "அனைத்தையும்" என்றில்லாமல் ஒரு குறிப்பிட்ட செயலாகவே பெரும்பாலும் இருக்கிறது. உற்பத்தியாளர் எண்கள் எளிதில் நினைவில் நிற்பவை: பதினறும முறையில் இன்டெலுக்கு 8086, ஏஎம்டிக்கு 1002.

பதிப்பு எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவை. விண்டோஸ் இயக்கிப் பதிப்பு, புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களாக வரும். அதைச் சரமாக ஒப்பிட்டால் 10.18 என்பது 9.17 இற்கு முன்னதாகிவிடும், ஏனெனில் 1 என்ற எழுத்து 9 இற்கு முன் வருகிறது. ஒவ்வொரு பகுதியையும் எண்ணாக மாற்றியே ஒப்பிடுங்கள்.

(நிரலாளர்களுக்கு) பட்டியலில் இல்லாத கணினியில் மென்பொருள் திறக்கும்போதே விழுந்தால்?

கிராபிக்ஸைத் தொடங்குவதற்குச் சற்று முன் வட்டில் ஒரு சிறு குறிக்கோப்பை எழுதுகிறோம். முதற்பக்கம் சரியாக வரையப்பட்டதும் அதை அழிக்கிறோம். அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கோப்பு அங்கேயே இருந்தால், சென்றமுறை இடையில் விழுந்திருக்கலாம் என்று அறிகிறோம். மின்வெட்டாலும் இந்தக் கோப்பு எஞ்சலாம் என்பதால், ஒருமுறை எஞ்சினால் மீண்டும் முயல்கிறோம். தொடர்ந்து இரண்டு முறை எஞ்சினால்தான் மென்பொருள் முறையில் திறந்து, பயனருக்கு ஒரு வரியில் அறிவிக்கிறோம்.

விழாமல் தவறாக வரையும் இயக்கிகளுக்காக, தொடக்கத்தில் 64க்கு 64 அளவில் "கொ" என்ற எழுத்தையும் ஒரு நிழலையும் கண்ணுக்குத் தெரியாமல் வரைந்து, திரும்ப வாசித்து, மையச் செயலி வரைந்த படத்துடன் ஒப்பிடுகிறோம். இரண்டும் புள்ளிக்குப் புள்ளி ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வேறுவேறு அட்டைகள் ஒரே படத்தைத் துல்லியமாக ஒரே விதமாக வரைய வேண்டும் என்று ஓபன்ஜிஎல் விதிக்கவில்லை. சிறு வேறுபாட்டுக்கு இடம்கொடுத்து, பெரும் வேறுபாட்டை மட்டும் பிடியுங்கள்.

முறைப்பாடு அனுப்பும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

கணினி விவரப் பக்கத்தின் பிரதி, திரைப்பிடிப்பு, கைபேசிப் படம், கெட்டுத் தெரியும் கோப்பு, மென்பொருள் முறையில் அது சரியாகிறதா என்ற ஒரு சொல் விடை. கோப்பில் வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால், அவற்றை வேறு சொற்களால் மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றிய பின்னும் கோளாறு தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரு மாற்றுவழியை எப்போது நீக்குவீர்கள்?

ஒவ்வொரு பதிவுடனும் மூன்று வரிகள் எழுதி வைக்கிறோம்: எந்தக் கணினியில் கண்டோம், எந்தக் கோப்பால் மீண்டும் வரவழைக்கலாம், எப்போது கடைசியாகச் சோதித்தோம். புதிய இயக்கி வந்தால், அந்தக் கோப்பை மாற்றுவழி இல்லாமல் திறந்து பார்க்கிறோம். சரியாக வந்தால் பதிவை அழிக்காமல், பதிப்பின் மேல் எல்லையை மட்டும் இடுகிறோம்; புதிய இயக்கி உள்ளவர்கள் முழு வேகத்தைப் பெறுவார்கள், பழையதை வைத்திருப்பவர்களுக்கு எதுவும் கெடாது.

இப்போது மேல் எல்லை இடப்படாமல் இருக்கும் பதிவு ஒன்றே ஒன்று. வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தின் பழைய மடிக்கணினிக்கானது அது. அதன் அட்டைக்குப் புதிய இயக்கி வெளிவருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடுவதற்கு முன், அந்தக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம்.